மற்றக் கை

விஜயதசமியன்று மகளுக்கு ஏடு தொடக்கினோம். அப்போது அவளுக்கு மூன்றரை வயது. தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் ஐயர் அவளுடைய வலது கை விரலைப் பிடித்து 'அ' எழுதுவித்தார். அவர் விட்டதும் அவள் இடது கையால் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டாள். நின்றவர்கள் சிரித்தார்கள். இடது கையால் எதையும் நீட்டக்கூடாது என்று வளர்ந்தவன் நான்; எனக்கு மட்டும் முகம் சுண்டிப்போயிற்று.

அன்றிலிருந்து அவள் இடது கையில் பென்சிலை எடுக்கும்போதெல்லாம் வாங்கி மற்றக் கையில் வைத்தேன். அடிக்கவில்லை, ஏசவில்லை, நல்ல தகப்பன் என்ற நினைப்பு வேறு. ஓர்ஸ் ஹில் கந்தோரில் நாள் முழுக்கக் கோப்புகளில் பிழை திருத்துகிறவன், வீட்டிலும் சும்மா இருப்பேனா? சுவர், கதிரை என்று எதையும் விடாமல் படம் கீறித் திரிந்தவள், சில மாதத்தில் கொப்பியை விரித்தாலே இடது கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்துகொண்டாள்.

நேசரி ரீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை படமே கீறுறாள் இல்லை. கொஞ்ச நாளைக்குப் பென்சிலை விடுங்கோ. எந்தக் கை எண்டு பாராமல் விரலுக்கு வேலை குடுங்கோ."

மனைவி ரொட்டிக்குக் குழைத்த மாவில் ஒரு பிடி கிள்ளிக் கொடுத்தாள். மகள் இடது கையால் மீன் செய்து, நகத்தால் செதில் போட்டாள். காயப்போட்ட உடுப்புகளுக்குக் கிளிப் குத்தினாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்; அது எனக்கு லேசான வேலை இல்லை. ஆனாலும் கொப்பியைக் கண்டதும் கை பழையபடி தொடைக்குக் கீழே போய்விடும்.

ஒரு ஞாயிறு பின்னேரம், சல்லிக் கடற்கரைக்குப் போய்வந்த பிறகு, அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். அவள் பட்ட பாடு எனக்கும் தெரியட்டும் என்று, பென்சிலை இடது கையில் பிடித்து, அங்கே பார்த்த தோணியை அவளுடைய கொப்பியில் கீறினேன். கோடு நடுங்கியது. தோணி நசுங்கிய வாழைப்பழம் போல வந்தது.

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தொடைக்குக் கீழிருந்து கையை எடுத்து, பென்சிலை வாங்கி என் வலது கையில் வைத்தாள்.

"உங்களுக்கு அந்தக் கையால ஏலாது அப்பா. இதால கீறுங்கோ."

வெட்கமாக இருந்தது. அத்தனை மாதமும் நான் செய்ததைத்தான் அவளும் செய்தாள். ஆனால் எனக்கு எந்தக் கை வரும் என்று பார்த்துச் செய்தாள்.

நான் தோணியை வலது கையால் திருப்பிக் கீறினேன். அவள் இன்னொரு பென்சிலை இடது கையில் எடுத்து, அதற்குக் கீழே கடலைக் கீறத் தொடங்கினாள்.