பவளத்துக்கு மாட்டிய டியூப்லைட்

எனக்கு நீச்சல் தெரியாது. தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும். என் தாத்தா காலத்திலேயே எங்கள் குடும்பம் தோணியை விட்டிறங்கிக் கணக்கு வேலைக்குப் போய்விட்டது. நான் படித்துக் கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர் ஆனேன். பவளம் கல் அல்ல, பிராணி என்று வருஷாவருஷம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதற்குச் சாட்சியாக நான் காட்டியது, அலமாரியில் தூசி படிந்து கிடந்த ஒரு வெள்ளைத் துண்டை. உயிருள்ள பவளத்தை நானே பார்த்ததில்லை.

என் மனைவியின் தம்பி சங்கு குளிப்பவன். எழுபதுகளின் நடுவில் ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், கடல்தண்ணீர் நிறைந்த வாளி ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு வாசலில் வைத்தான்.

"அத்தான், வருஷம் பூரா செத்ததையே காட்டிப் பாடம் நடத்துதீய. இந்தாங்க, உசிரோட ஒண்ணு."

உள்ளே கைமுட்டி அளவுக்கு ஒரு கல். தேன் நிறம். வாளியை அசைக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தால், கல் முழுவதும் கடுகளவு வாய்கள் திறந்து, அவற்றைச் சுற்றி மெல்லிய விரல்கள் நீளும். தண்ணீரைத் தொட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே போய்விடும். நானும் என் மனைவியும் வாளிக்கு இரண்டு பக்கமும் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு ஆசிரியை. "நம்மளப் பாத்து வெக்கப்படுதுங்க" என்றாள்.

இரும்புச் சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்தி இரண்டடித் தொட்டி ஒன்று செய்யச் சொன்னேன். முன்னறையில் வைத்தேன். காற்று விடும் சின்ன மோட்டார் கல்லூரியில் இரவல் கிடைத்தது. வாரத்துக்கு இரண்டு வாளிக் கடல்தண்ணீர் மைத்துனன் பொறுப்பு. வெளிச்சம்தான் என் பொறுப்பு. பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது, அந்தப் பாசிக்கு வெளிச்சம் இல்லையென்றால் பவளமும் பட்டினி என்பது எனக்குப் புத்தகத்தில் தெரியும். எவ்வளவு வெளிச்சம், எப்படிப்பட்ட வெளிச்சம் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

முதலில் தொட்டியை ஜன்னல் ஓரம் தள்ளினேன். நம் ஊர் வெயிலுக்கு நாலு நாளில் தண்ணீர் சுட்டது. கண்ணாடியெல்லாம் பச்சை வழுவழுப்பு. பிறகு ஜன்னலை மூடிவிட்டு, தகர மூடிக்குள் அறுபது வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டேன். இரண்டாம் நாள் காற்றுக் குமிழி தெறித்து உப்புத்தண்ணீர் சூட்டுப் பல்பின்மேல் விழ, அது பட்டாசு மாதிரி வெடித்தது. அடுக்களையிலிருந்து "சேசுவே!" என்று கத்திக்கொண்டு வந்தவள், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும், "கல்லுக்கு என்னாச்சு?" என்று கேட்டாள். அவளும் அதற்குள் கட்சி மாறியிருந்தாள்.

டியூப்லைட்தான் சூடாகாது என்று மின்சாமான் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி விவரம் கேட்டார். சொன்னேன்.

"சார்வாள், ஊருக்குள்ள தோணி தோணியா இந்தக் கல்லைக் கொண்டாந்து சூளையில போட்டுச் சுண்ணாம்பாக்குதான். நீங்க அதுக்கு லைட்டுப் போட்டுப் பாக்கப் போறியளா?"

"உயிரோட இருக்கு அண்ணாச்சி."

"அப்ப ஒரு ஃபேனும் சேத்து வாங்கிட்டுப் போங்க."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ரோஷப்பட்டு எதுவும் வாங்காமல் வந்துவிட்டேன். கல்லூரியில் கழற்றிப் போட்டிருந்த பழைய டியூப்லைட் ஒன்றைக் கேட்டு வாங்கி, தொட்டிக்கு மேலே இரண்டு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். தொட்டி இரண்டடி, டியூப் நாலடி. இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றது. முனைகள் கறுத்த டியூப், ஆனாலும் எரிந்தது. பவளம் பாதி திறந்தது. அதற்கு மேல் திறக்கவில்லை.

மைத்துனன் வந்து பார்த்தான். ரொம்ப நேரம் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "அத்தான், இதை நான் நாலு பாகத்துல எடுத்தேன்." இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம். "அங்கன வெளிச்சம் இப்படி மஞ்சளா இருக்காது. கீழ போகப் போக முதல்ல செத்துப்போறது செவப்புதான். ஏழெட்டுப் பாகத்துல கை கிழிஞ்சா ரத்தம் பச்சையாத் தெரியும். நீலம் மட்டுந்தான் கடைசி வரைக்கும் கூட வரும்."

நான் பட்டம் வாங்கியவன். இதை அவன் சொல்லித்தான் எனக்குத் தோன்றியது. கிறிஸ்துமஸ் குடிலில் வானத்துக்கு ஒட்டியிருந்த நீலக் கண்ணாடித்தாளை உரித்து, டியூப்பைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றினேன். முன்னறை கடலடி மாதிரி ஆனது. ஆனால் கறுத்த டியூப்பின் வெளிச்சத்தில் தாள் பாதியைத் தின்றுவிட்டது. நிறம் சரி, அளவு போதாது. பவளத்தின் ஓரங்கள் வெளுக்க ஆரம்பித்தன.

இனி என் மனைவியின் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் அப்போது தபால் வழியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் முடித்தாயிற்று. ஏப்ரலில் மூன்று தாள் எழுதினால் பட்டம். பட்டம் வந்தால் அதே பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புகளுக்குப் போகலாம். தலைமையாசிரியை அதைச் சொல்லியே வைத்திருந்தார். சின்ன வகுப்பில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டே வயதாகிவிடுமோ என்பது அவளுடைய கவலை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, சமைத்து வைத்துவிட்டு, சாயங்காலம் ஆறரைக்குப் பின்னறையில் உட்கார்ந்தால் ஒன்பது மணி வரைக்கும் படிப்பாள். ஜன்னல் இல்லாத அறை. அவள் படிப்பதற்கென்றே அங்கே புது டியூப்லைட் ஒன்று மாட்டியிருந்தோம். பால் மாதிரி எரியும்.

மாசி மாதம், தவக்காலத்து முதல் ஞாயிறு. நான் முதல் பூசைக்குப் போய்த் திரும்பிவிட்டேன். அவள் இரண்டாம் பூசைக்குப் போயிருந்தாள். பவளத்தைப் பார்த்தேன். வெளுப்பு இன்னும் ஒரு விரல் அகலம் கூடியிருந்தது. ஞாயிறு என்பதால் கடை திறந்திருக்காது. முக்காலியை எடுத்துப் போட்டு, அவள் அறை டியூப்பைக் கழற்றித் தொட்டிக்கு மாட்டினேன். கறுத்த டியூப்பை அவள் அறைக்கு மாட்டினேன். நாளைக்குப் புதுசு வாங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் அவள் விளக்கைப் போட்டாள். அது நாலைந்து தடவை கண் சிமிட்டி, மங்கலாக எரிந்து, துடித்துக்கொண்டே இருந்தது.

"என்னங்க, வோல்டேஜ் கம்மியா இருக்கோ?"

நான் முன்னறையிலிருந்து, "ஆமா" என்றேன்.

இதுதான் நான் செய்தது. பொய்யை அவளே செய்து என் கையில் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன். புதுத் துறைமுக வேலை நடந்த காலம். சாயங்காலம் வோல்டேஜ் குறைவது ஊர் வழக்கம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். முன்னறை டியூப்பைப் பார்த்து ஒப்பிடவும் அவளுக்கு வழியில்லை, அதன்மேல் நீலத்தாள் இருந்தது.

மறுநாள் காலையில் பவளம் முழுதாகத் திறந்திருந்தது. ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒரு வெள்ளைப் பொட்டு. நான் அவளைக் கூப்பிட்டேன். கையில் மாவோடு வந்து பார்த்து, என் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அப்போதே சொல்லியிருக்கலாம். புது டியூப் வாங்கி மாட்டினால், வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத அவள் அறை டியூப் எப்படிக் கறுத்தது என்று கேட்பாளே என்று யோசித்தேன். இன்றைக்கு நினைத்தால் எத்தனை அற்பமான பயம். ஒரு வாரம் போயிற்று. இரண்டு வாரம் போயிற்று. கல்லூரியிலிருந்து பேராசிரியர்கள் வந்து பவளத்தைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு என் மனைவி காப்பி கொடுத்தாள்.

பங்குனி நடுவில் அவளுக்குத் தலைவலி ஆரம்பித்தது. படிக்க உட்கார்ந்த அரைமணியில் எழுத்து ஆடுகிறது என்றாள். அவள் அப்பாவுக்கு நாற்பது வயதிலேயே பார்வை போய்விட்டது. வருஷக்கணக்காக உப்புத்தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து சங்கு தேடியதால் என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் அவருக்கும் முதலில் தலைவலிதான் வந்ததாம், எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால் எழுத்துக்குப் பதில் வலையின் கண்ணி ஆடியதாம். அதை அவள் என்னிடம் சொன்னபோது நான் தொட்டித் தண்ணீரின் உப்பளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "டாக்டரைப் பாத்துருவோம்" என்றேன். திருநெல்வேலியில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பெரிதாக ஒன்றுமில்லை, அதிகம் சிரமப்படுத்த வேண்டாம் என்று சின்னப் பவரில் ஒரு கண்ணாடி எழுதிக்கொடுத்தார். கண்ணாடி போட்டும் எழுத்து ஆடியது. எப்படி ஆடாமல் இருக்கும்?

அவள் பரீட்சைக்குப் போகவில்லை. முதல் தாளன்று காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிறவள் மாதிரி சேலையை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றாள். "இருக்கிற வேலைக்காவது கண்ணு வேணும்லா" என்று மட்டும் சொன்னாள். அழவில்லை. நானும் தடுக்கவில்லை. மூன்று தாள்களும் அந்த வாரத்துக்குள் முடிந்துவிட்டன.

இரண்டு நாள் கழித்து அவள் புத்தகங்களை ஒரு சேலையில் மூட்டை கட்டினாள். பிறகு முன்னறைக்கு வந்தாள்.

"ஏங்க, அந்த ரூம்ல இனி யாரு படிக்கப்போறா? அந்த டியூப்லைட்டையும் கழத்தி இதுக்கே சேத்து மாட்டுங்க. இதாவது நல்லா இருக்கட்டும்."

நான் முக்காலியைத் தூக்கிக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். அவள் பின்னாலேயே வந்து முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டாள். மேலே ஏறி அந்தக் கறுத்த டியூப்பைத் திருகிக் கையில் எடுத்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. டியூப்பைப் பிடித்தபடியே, அவள் முகத்தைப் பார்க்காமல், கூரையைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். எந்த ஞாயிறு, எப்போது மாற்றினேன், ஏன் சொல்லவில்லை, எல்லாம்.

கீழேயிருந்து கேட்டாள்:

"அப்ப என் கண்ணுக்கு ஒண்ணுமில்லையா?"

"இல்ல."

"நெசமாவா? எங்க அப்பாவுக்கு வந்தது மாதிரி இல்லையா?"

"இல்லளா. லைட்டுதான்."

அவள் சிரித்தாள். முக்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணிலிருந்து தண்ணீர் வடிய வடியச் சிரித்தாள். குருடியாகிவிடுவோம் என்று ஒரு மாதமாக மனசுக்குள் வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறாள். நான் இறங்கும்வரை முக்காலியை விடவில்லை. இறங்கியதும் என் கையிலிருந்த டியூப்பைப் பார்த்தாள், சிரிப்பு நின்றது. வெளியே போனாள்.

நாலு நாள் என்னோடு பேசவில்லை. "சாப்பாடு ஆச்சா?" என்று நான் கேட்டதற்கு, "உங்க கல்லுகிட்டக் கேளுங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். ஐந்தாம் நாள் மைத்துனன் வந்தபோது எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, அத்தானை எத்தனை பாகத்துல முக்கியிருக்க?" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு பேச்சும் வந்தது. அவனிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை அவள் வீட்டார் யாருக்கும் தெரியாது.

அவள் டியூப்பை அவள் அறைக்கே மாட்டினேன். பவளத்துக்கு அண்ணாச்சி கடையில் புதுசு வாங்கினேன். வாங்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனி மாதத்தில் காற்று மோட்டார் பழுதானதும், பவளத்தை எடுத்த இடத்திலேயே விட்டுவிடச் சொல்லி மைத்துனனிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த வருஷம் பரீட்சைக்குப் பணம் கட்டும் நேரத்தில் அவள் ஏழு மாதக் கர்ப்பம். அதற்கடுத்த வருஷம் பாடத்திட்டம் மாறி, எல்லாத் தாளையும் மறுபடி எழுதவேண்டும் என்றார்கள். "பாப்போம்" என்றாள். பிறகு நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

முப்பத்தைந்து வருஷம் சின்ன வகுப்பிலேயே இருந்து ஓய்வு பெற்றாள். பணிநிறைவு விழாவில் தாளாளர் பேசினார். மேற்படிப்பு, பதவி என்று எதற்கும் ஆசைப்படாத மனுஷி என்று அவளைப் புகழ்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு வழக்கப்படி கணவரை இரண்டு வார்த்தை பேசக் கூப்பிட்டார்கள். நான் மைக்கைப் பிடித்து, பள்ளிக்கு நன்றி, பிள்ளைகளுக்கு வாழ்த்து என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆட்டோவில் வரும்போது மாலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "நல்லாப் பேசினீய."

"ரெண்டு வார்த்தைதானே பேசினேன்."

"அதான் சொல்லுதேன்."

அங்கே பேசாததை இங்கே எழுதியிருக்கிறேன். அவள் ஆசைப்பட்டாள். வெளிச்சத்தை எடுத்தவன் நான்.

இதை நேற்று அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "மூணு தாள், மூணு தாள்னு எழுதியிருக்கீய. என்னென்ன தாள்னு எழுதலையே" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். அன்றைக்கும் நான் கேட்டதில்லை. அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் வரிசையாகச் சொன்னாள்: திங்கட்கிழமை ஆங்கிலம், புதன்கிழமை இந்திய வரலாறு, வெள்ளிக்கிழமை பொருளாதாரம். வரலாறு மட்டும் தவக்காலத்துக்கு முன்பே இரண்டு தடவை முழுதாகப் படித்து முடித்திருந்தாளாம். அதையும் சேர்த்து எழுதச் சொன்னாள்.