உதவலாம்

புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அவளை முதலில் பட்டப்பெயரால்தான் தெரியும்: லாம் மேடம். மூலிகை மாத்திரைக் கம்பெனியின் போன் பிரிவில், "எங்க மாத்திரை கொழுப்பைக் கரைக்க உதவலாம்" என்று தேன் தடவிய குரலில் நாளெல்லாம் சொல்வது அவள் வேலை.

"கரைக்கும்னு சொன்னா வழக்கு வரும். உதவலாம்னா தப்பிச்சோம்" என்பார் மேற்பார்வையாளர்.

அவள் வேதியியல் பட்டதாரி. வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். கம்பெனி ஆதாரம் என்று காட்டுகிற ஆய்வை வரிவரியாகப் படித்திருந்தாள். சொற்ப ஆட்கள், சில வாரங்கள். மாத்திரை விழுங்கியவர்கள், வெறும் மாவுமாத்திரை விழுங்கியவர்கள், எல்லாருமே சாப்பாட்டைக் குறைத்து, நடைப்பயிற்சியும் செய்திருக்கிறார்கள். கடைசியில் இரு தரப்புக்கும் இருந்த வித்தியாசம், ஒரு செம்புத் தண்ணீர் குடித்தால் ஏறிவிடுகிற எடை.

கணவனோ உறவுக்காரர்களிடம் "அவ லேப்ல இருக்கா" என்று அளந்துவைத்திருந்தான். போன் வேலை கௌரவக் குறைச்சலாம். அந்தப் பொய்க்குள்தான் அவள் குடித்தனம்.

கணவனின் அக்கா, அவள் நாத்தனாரும் அதே மாத்திரையை ஆரம்பித்தாள். கொஞ்ச நாளில் சோறு இறங்கவில்லை. கண்ணோரம் மஞ்சள் தட்டியது.

"அண்ணி, அத நிறுத்துங்க. சிலருக்கு ஈரலையே கெடுத்துடும். டாக்டர்கிட்ட போலாம் வாங்க."

"நான் இளைக்கிறது உனக்குப் பொறுக்கலையா? உன் கம்பெனி மாத்திரைய நீயே குறை சொல்ற! இரு, கம்பெனிக்கே போன் போட்டுக் கேக்கறேன்."

மறுநாள் அதே குரல் அவள் காதில்.

"ஏம்மா, என் தம்பி பொண்டாட்டி ரெண்டு எழுத்துப் படிச்சுட்டு இது ஈரலுக்கு ஆகாதுங்கறா. கண்ணு மஞ்சளாத்தான் இருக்கு, பசியும் இல்ல. தொடர்ந்து சாப்பிடலாமா?"

நான்தான் என்றால் அண்ணி அந்த நொடியே வைத்துவிடுவாள். பின்னால், இதே பேச்சைக் கேட்டுக்கொண்டு மேற்பார்வையாளர்.

"உதவலாம், மேடம்..." அந்தத் தேன் குரலை மாற்றாமலே தொடர்ந்தாள். "உதவாமலும் போகலாம். கெடுக்கவும் செய்யலாம். இன்னைக்கே நிறுத்திட்டு டாக்டரப் பாருங்க."

"அப்படி விவரமா சொல்லு, தாயி!"

ஈரலில் வீக்கம் என்றார் டாக்டர். மாத்திரையை விட்டதும் நாத்தனார் மெல்லத் தேறினாள். சாப்பிட உட்கார்ந்தால் அதே பாட்டு: "கம்பெனிக்காரி எவ்வளவு பொறுப்பா பேசினா! நீயும் இருக்கியே." 'நான்தான்' என்பது தொண்டைவரை வரும். கணவன் கண்ணாலேயே அடக்குவான்.

இப்போது அவள் போன் பிரிவில் இல்லை. ஜன்னல் இல்லாத பின்னறையில், ஒவ்வொரு டப்பாவிலும் 'உதவலாம்' சரியாக அச்சாகியிருக்கிறதா என்று லேபிள் பார்க்கிறாள்.

"லேபிள்னா பாதி லேப்தானே" என்கிறான் கணவன்.