லோஜ்மான்: ஓலைக்குள் ஒரு முகவரி

சனிக்கிழமை காலை ஆறு இருபது. கண் விழித்ததும் கண்டது: வீட்டுக்கார அக்கா என் கட்டிலை முழம் போட்டுக்கொண்டிருந்தார்.

“தோர்மி, தம்பி, தோர்மி,” தூங்கு என்றார் கிரியோலில். பிறகு கவலையோடு, “மாப்பிள்ளை க்ரோ!” மாப்பிள்ளை பருமனாம்.

ஞாயிறன்று அவர் மகளுக்குத் திருமணம். தேர் ரூஜ் கிராமத்தில் நான் குடியிருந்த அறை இனி மணமக்களுக்கு என்பது அப்போதுதான் தெரிந்தது. திங்களன்று என் தங்கும் அனுமதி முடிகிறது. புதுப்பிக்க, எனக்கு இருப்பிடம் உண்டு என்று அக்கா எழுதித் தர வேண்டும். தராவிட்டால் ஊருக்குக் கப்பல்தான். புதுச்சேரியில் என் அறையை அண்ணன் ஒரு கம்பவுண்டருக்கு வாடகைக்கு விட்டு ஐந்து மாதம் ஆகிறது.

தீவின் தலைநகர் போர்ட் லூயியில் நான் மெய்ப்புப் பார்க்கும் அச்சகத்தில் அந்துவான் என்ற அச்சுக்கோப்பாளர் அதற்கான தாளைப் பிரெஞ்சில் தயாரித்துத் தந்திருந்தார். “லோஜ்மான்” என்ற சொல்லுக்கு எதிரே இடம் காலி. குடியிருப்பு என்று பொருள். வேரைத் தேடினால் காட்டில் இலைதழையால் போட்ட ஒதுங்கிடம் என்றார் அவர். நம்பாமல் அகராதியைப் புரட்டினேன். சரிதான்.

தாளை நீட்டினேன்; அக்கா தொடவில்லை. முன்பு ஒரு சூறாவளிக்குப் பின் அரசு வீட்டுக்கு விண்ணப்பித்தபோது குடும்பத்தில் ஓர் ஆளைக் கூட்டி எழுதியிருந்தார். அதிகாரி வந்து தலை எண்ணிவிட்டுப் போனார். வீடு கிடைக்கவில்லை.

“பொய் பா கபாவ், தம்பி.” பொய் முடியாது.

“கல்யாணத்துக்குப் பிறகு நான் எங்கே படுப்பேன், அக்கா?”

முற்றத்தைக் காட்டினார். மூங்கில் நட்டு, தென்னோலை வேய்ந்து, அவர் தம்பிமார் லசால்வேர்த் கட்டிக்கொண்டிருந்தார்கள். நம் ஊர்க் கல்யாணப் பந்தல்தான். பெயர் மட்டும் பிரெஞ்சு.

“அதுக்கு அப்புறம்?”

“நூ கெத்தே.” பார்க்கலாம்.

பிறகு பேனாவை வாங்கி, லோஜ்மானுக்கு எதிரே மெதுவாக எழுதினார்: லசால்வேர்த். கையொப்பமும் இட்டார்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் எழுத்தர் இரண்டு முறை படித்தார். “சா பா லகாஸ் சா, மிஸ்யே!” இது வீடே இல்லையாம். பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். அகராதியில் படித்ததைச் சொன்னேன். இருவரும் சிரித்தார்கள்.

“மாப்பிள்ளை நீங்களா?”

இல்லை என்றேன். எழுத்தர் சிரித்தபடியே முத்திரை குத்தினார். வழக்கமாக ஓர் ஆண்டு தருவார்கள். எனக்குப் பதினைந்து நாள்.

பந்தலை வியாழக்கிழமை பிரிக்கிறார்கள்.