வாப்பா வைத்த சட்டம்

செஸ்ஸில் என்னை வெல்லக் கல்முனையில் ஆள் இல்லை என்று பதினொரு வயதில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பவைத்தவர் வாப்பா. பசாரில் புடவைக்கடை வைத்திருந்தவர், கடை பூட்டி வந்ததும் என்னோடு பலகையின் முன் உட்கார்ந்துவிடுவார். எனக்கு ஐந்து வயதிலிருந்தே அப்படித்தான். எதிரியின் ராசாவை நகர இடமில்லாமல் அடைத்துவிட்டால் வெற்றி என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

அக்கரைப்பற்றில் மாவட்டப் போட்டியின் கடைசி ஆட்டம். வென்றால் கொழும்புக்குப் போகலாம். அங்கே போட உம்மா புதுச் சட்டைகூடத் தைத்துவிட்டார். தரவரிசையில் நான் முதலாவது. எதிரே இருந்த விநாயகபுரத்துப் பிள்ளை எங்கோ கீழே.

மற்றப் பிள்ளைகள் காய்கள் குறைந்ததும் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்து எழும்பிவிடுவார்கள். இவளுக்கு அந்தப் பழக்கம் தெரியவில்லை. ராசா மட்டும் மிஞ்சிய பிறகும் உதட்டைக் கடித்துக்கொண்டு நகர்த்தினாள். நான் அந்த ராசாவை மூலையில் வைத்து அடைத்தேன். "வெண்டுட்டன்!" என்று கத்திக்கொண்டு எழும்பினேன்.

நடுவராக இருந்த ஆசிரியர் பலகையைப் பார்த்தார்.

"நீங்க செக் வெக்கல்லயே மகள். செக் இல்லாம அடைச்சா வெற்றி இல்ல, சமநிலை."

"இல்ல சேர், அடைச்சா வெற்றிதான். எங்கட வாப்பாதான் சொல்லித் தந்த."

மண்டபம் முழுக்கப் பின்வரிசை வாங்கில் இருந்த வாப்பாவைத் திரும்பிப் பார்த்தது. அவர் எழும்பித் தொப்பியைச் சரிசெய்தார்.

"ஓம் சேர். எனக்கு இந்தச் சட்டம் தெரியா. பிழை என்டதான், புள்ளைட இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. கொழும்பு கைவிட்டுப் போனதைவிட, ஒன்றும் தெரியாத ஒருவர் எனக்கு வாப்பாவாக வாய்த்ததுதான் பெரிய மானக்கேடாகப் பட்டது. பஸ்ஸில் அவர் பக்கத்தில் இடமிருந்தும் கல்முனை வரை நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், வாப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று உம்மாவிடம் அழுதேன். உம்மா அந்தப் புதுச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கா தெரியா? சின்னப் புள்ளயில நீ தோத்தா சோறு தின்னமாட்டாய். சும்மா அடைச்சிப்போட்டு வெண்டன் வெண்டன் எண்டு துள்ளுவாய். ஒனக்காக அவரு வெச்ச சட்டம் புள்ள அது. பொறகு மாத்த மனம் வரல்ல."

நான் நம்பவில்லை. உம்மா வாப்பாவை விட்டுக்கொடுக்காமல் கதைக்கிறார் என்றே நினைத்தேன். சட்டம் தெரிந்த மனிதர், அத்தனை பேர் முன்னால் எழும்பி நின்று, தெரியாது என்று சொல்வாரா?