அக்கா போடாத கையெழுத்து

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். நினைவு மலரில் கோபம் கூடாது, நல்லதை மட்டும் எழுது என்று பெரியப்பா இரண்டு முறை போன் செய்து சொல்லிவிட்டார். அவர் சொல்லை நான் தட்டியதில்லை. இந்த ஒரு தடவை தட்டுகிறேன். வயிறு எரிகிறது பெரியப்பா. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

அக்கா பிறந்தது வரதய்யபாளையத்தில். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரையும் போலத்தான் வளர்ந்தார். அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா வேர்க்கடலை போடுவார். கோடை வந்தால் எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும், செடிகள் பழுத்துப் போகும். ஆனால் பத்து செடி பழுத்த இடத்தில் ஒரு செடி மட்டும் பச்சையாக நிற்கும். பள்ளியில் படிக்கும்போது ஒருநாள் அக்கா அதைப் பிடித்துக்கொண்டார்.

"இது மட்டும் இன்னாத்துக்கு நைனா பச்சையா கீது?"

"அதுக்கு ரோஷம் ஜாஸ்தி. உன்ன மாதிரி" என்றார் நைனா.

அக்காவுக்கு அந்தப் பதில் போதவில்லை. அந்தச் செடியின் காய்களைத் தனியாகப் பிடுங்கி, காகிதத்தில் மடித்து, எந்த வயல், எந்த வரப்பு ஓரம் என்று எழுதி வைத்தார். அன்று ஆரம்பித்த வேலை அது. எங்கள் வீட்டில் ஊறுகாய் ஜாடியில்கூட என்றைக்குப் போட்டது என்று சீட்டு ஒட்டியிருக்கும். சீட்டு இல்லாத டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு என்னோடு அரை நாள் சண்டை போட்டிருக்கிறார்.

திருப்பதியில் தாவரவியல் படித்து முடித்த பிறகு, அங்கேயே ஒரு பெரிய ஆராய்ச்சித் திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தத் திட்டத்தை நடத்திய பேராசிரியரிடமே முனைவர் பட்டத்துக்கும் பதிவு செய்துகொண்டார். அவரை இந்தக் கட்டுரையில் கைடு என்றே சொல்கிறேன், வீட்டில் அக்காவும் அப்படித்தான் சொல்வார். பெயர் எழுதி அவருக்கு ஒரு விளம்பரம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

அந்தத் திட்டத்தில் நான்கு துறைகள். கிணற்றுத் தண்ணீரின் உப்பைப் பார்ப்பது சுற்றுச்சூழல் துறை. உப்பைத் தாங்கும் வேர்க்கடலையின் மரபணுவைத் தேடுவது மரபியல் துறை. கிணற்றுக்குள் சென்சாரைத் தொங்கவிட்டு, மணிக்கொரு தரம் அளவைத் திருப்பதியில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அனுப்ப வைப்பது நெட்வொர்க் துறை. கிணற்றுக்குப் பக்கத்தில் குழி வெட்டி, மழைத் தண்ணீரை வடிகட்டி உள்ளே இறக்கி உப்பைக் குறைப்பது பொறியியல் துறை. நான்கு பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. நடுவில் உட்கார்ந்து எல்லோருக்கும் புரிய வைத்தவர் அக்கா. பஸ் ஏறி ஊர் ஊராகப் போய், கிணற்றில் எட்டிப் பார்த்து, பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்தவரும் அவர்தான். கூட்டம் முடிந்து எடுக்கும் போட்டோவில் மட்டும் அவர் இருக்க மாட்டார், ஏனென்றால் போட்டோ எடுப்பவரே அவர்தான்.

இப்படியே வருஷங்கள் ஓடின. இரண்டு வரன்கள் வந்தன, படிப்பு முடியட்டும் என்றார், போய்விட்டன. ஊர்க் கல்யாணங்களில் "இன்னுமா படிச்சிக்கினு கீற?" என்று கேட்காதவர் இல்லை. இதைப் படிக்கிறவர்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். நானும் கேட்டிருக்கிறேன்.

ஒருவழியாக ஆய்வேடு எழுதி முடித்த நேரத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் முனியம்மா என்பவர் வீட்டுக் கிணற்றில், வடிகட்டிக் குழி வெட்டிய அதே வாரத்திலிருந்து உப்பு மடமடவென்று இறங்கியிருந்தது. கைடு ஆளுக்கொரு லட்டு கொடுத்தாராம். இந்த ஒரு கிணற்றை வைத்தே கட்டுரை எழுதலாம், மாவட்டம் முழுக்கக் குழி வெட்டலாம் என்று பேச்சு. அக்காவுக்கு மட்டும் உறுத்தியது. அவர் அந்தக் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தவர். மறுநாளே பஸ் ஏறினார்.

கிணற்றில் சென்சார் இல்லை. வீட்டுக்குள் சாமி படத்துக்குக் கீழே, ஒரு பித்தளைக் குடத்தில் இருந்தது. குடம் நிறைய கேன் தண்ணீர். சென்சாரின் பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார் முனியம்மா.

"நீதானம்மா சொன்ன, தண்ணிய விட்டு வெளிய எடுக்கக் கூடாது, காய்ஞ்சா கெட்டுப் பூடும்னு. குழி வெட்டும்போது கெணத்துல தூர் வாருனாங்க. எடுத்துக்கினு வந்து கொடத்துல உட்டேன். கெணத்துத் தண்ணி சேறா இருந்துச்சா, இங்கியே இருக்கட்டும்னு உட்டுட்டேன். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை தண்ணி மாத்திக்கினுதான் கீறேன்."

அக்கா அங்கேயே உட்கார்ந்து சிரித்தாராம். வீட்டுக்கு வந்து சொல்லும்போதும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அத்தனை மாதமும் திருப்பதிக் கம்ப்யூட்டர் அளந்துகொண்டிருந்தது கேன் தண்ணீரை. கிணற்றுத் தண்ணீரை எடுத்து அளந்து பார்த்தார், பழைய உப்பு அப்படியே இருந்தது. அந்த மாதங்களின் அளவுகளைத் தள்ளிவிட்டால் விஷயம் முடிந்தது என்றுதான் அக்கா நினைத்தார். எவ்வளவு வெகுளி!

கைடு சிரிக்கவில்லை. அறிக்கை தயாராகிவிட்டது, மேலே சொல்லியாகிவிட்டது என்றார். களத்தில் எடுத்த அளவுகள் சரியானவை என்று அளவெடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். "ஒக்க சந்தகம் பெட்டம்மா, சாலு" என்றாராம், ஒரே ஒரு கையெழுத்து போதும் என்று. அக்கா மாட்டேன் என்றார். அப்படியானால் உன் ஆய்வேட்டில் நானும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் கைடு. இத்தனை வருஷ உழைப்பு அவர் மேசை இழுப்பறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அக்கா மேலிடத்துக்கு இரண்டு முறை மனு எழுதினார். பதிலே வரவில்லை.

இப்போது நான் என்னைப் பற்றி எழுத வேண்டும். நான் ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒரு பொருளின் அளவு தப்பினால் அந்தப் பெட்டியையே ஒதுக்கிவிடுவோம், அதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்ட நான் அக்காவிடம் சொன்னேன்: "ஒரு கையெழுத்துதானே அக்கா? போட்டுட்டு பட்டத்த வாங்கிக்கினு வா. ஊர்ல யாரு பார்க்கப் போறாங்க?"

அக்கா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "குழி வெட்டினா தண்ணி நல்லாயிடும்னு நம்பி, இந்த மாதிரி கெணத்துத் தண்ணிய ஊர்ல எல்லாரோட பேரப்புள்ளங்களும் குடிக்கும்டி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார். கைடு மேல் எனக்கு இருக்கும் கோபத்தில் பாதி என் மேலேயே இருக்கிறது. அதை அவருக்குக் கொடுத்துத் தொலைக்கவும் முடியவில்லை.

அடுத்த ஆறு மாதத்தில் அக்காவுக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தது. ஏக்கத்தில் போய்ச் சேர்ந்தார் என்று சிலர் பேசினார்கள், அது தப்பு. அக்கா நோயால் இறந்தார், அவருக்கு மிகைப்படுத்திப் பேசுவது பிடிக்காது. ஆனால் கடைசி வாரம் வரை போன் மணி அடித்தால் "திருப்பதியில இருந்தா?" என்று கேட்டார். எல்லாத் தடவையும் இல்லை என்று சொன்னது நான்தான்.

காரியத்தன்று கைடு சால்வையோடு வந்தார். அக்கா படத்துக்குப் போர்த்தினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு நைனாவைத் தனியே அழைத்து, அக்காவின் களக் குறிப்பு நோட்டு திட்டத்துக்குச் சொந்தம், அதைக் கொடுங்கள் என்றார். கொடுத்தால் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்புவாராம். இறந்தவருக்கும் பட்டம் தருவார்களாம். "நினைவு மலர்ல பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுக்கலாம்" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. என் கையில் பாயசக் கரண்டி இருந்தது. அதோடு போகவிருந்த என்னை அம்மா புடவையைப் பிடித்து நிறுத்தினார்.

நைனாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். யாரும் அவரைக் குறை சொல்ல வேண்டாம். அந்த ஒரு சொல்லுக்காக அவர் எத்தனை வருஷம் காத்திருந்தார்! பீரோவைத் திறந்து நோட்டை எடுத்தார். கொடுத்துவிடுவார் என்றே நினைத்தேன். கொடுப்பதற்கு முன் மகள் கையெழுத்தைக் கடைசியாக ஒரு தரம் பார்க்க ஆசைப்பட்டிருப்பார் போல, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரித்தார். களக் குறிப்புகளை அக்கா தமிழில்தான் எழுதுவார். அடையாளத்துக்குத் துணுக்குக் காகிதம் வைத்திருந்த பக்கம் திறந்துகொண்டது. நைனா எழுத்துக் கூட்டி, உதடு அசைய, நிதானமாகப் படித்தார். கைடு நின்றுகொண்டே இருந்தார். படித்து முடித்த நைனா வாசல் பக்கம் பார்த்தார். அங்கே முனியம்மா, வந்ததிலிருந்து உள்ளே வராமல், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தார். "என் கொடத்தாலதான் அந்தப் பொண்ணு படிப்பு போச்சு" என்று காலையிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுதுகொண்டிருந்தார்.

நைனா நோட்டை மூடி இடுப்பில் செருகிக்கொண்டார். "சாப்பாடு ஆயிக்கினு கீது சார். இருந்து ஒரு வாய் துன்னுட்டுப் போங்க. நோட்டு தர மாட்டேன்."

கைடு சாப்பிடாமல் போய்விட்டார். சாப்பிடக் கூப்பிட்ட மனசு நைனாவுக்கு இருந்தது, எனக்கு இன்றைக்கும் வராது.

இந்த ஒரு வருஷத்துக்குள் அந்தக் கட்டுரை வெளிவந்துவிட்டது. வேறு யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். குடத்துத் தண்ணீரின் அளவுகள் அப்படியே இருக்கின்றன. அக்காவின் பெயர் கடைசிப் பக்கத்தில், களப்பணியில் உதவியவர்களுக்கு நன்றி என்ற வரியில், கார் ஓட்டுநர் பெயருக்குப் பிறகு வருகிறது. அந்த ஓட்டுநர் நல்ல மனிதர், திட்டத்தின் கார் கிடைத்த நாட்களில் அக்காவின் பாட்டில்களைத் தூக்கியவர். அவருக்கு இதில் ஒரு வருத்தமும் வேண்டாம்.

நன்றி சொல்வதைக்கூட அவமானமாகச் செய்யலாம் என்று தெரிந்துகொண்டதால், எங்கள் நன்றியைக் கவனமாக எழுதுகிறேன். வடமாலபேட்டையிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தினமும் கஞ்சி கொண்டுவந்த சித்திக்கு நன்றி. உடம்பு துடைத்துவிட்டு, தலை வாரிவிட்ட நர்சம்மாவுக்கு நன்றி. சித்தூரில் இந்த மலரை அச்சடித்து, நான் எழுதியதில் ஒரு வார்த்தையையும் குறைக்கச் சொல்லாத அச்சகத்தாருக்கு நன்றி. வந்து எங்களோடு உட்கார்ந்து அழுத உங்கள் எல்லோருக்கும் நன்றி. கைடுக்கு இதில் இடமில்லை.

அட்டையில் அக்காவின் பெயருக்கு முன்னால் எதுவும் போடவில்லை. அதற்குப் பதிலாக நோட்டின் அந்தப் பக்கத்தை இங்கே அச்சிடுகிறோம். அக்கா எழுதியதில் அவர் பெயரோடு முதன்முதலாக அச்சில் வருவது இதுதான். கிணறு வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இந்த மலர் போகும். முனியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நானே போய்ப் படித்துக் காட்டப் போகிறேன்.

"சென்சார் கிணற்றில் இல்லை. தூர் வாரிய நாளிலிருந்து குடத்தில், கேன் தண்ணீரில் இருந்திருக்கிறது. இந்த மாதங்களின் அளவுகளை எதிலும் சேர்க்கக் கூடாது. கிணற்று நீரை இன்று நேரில் அளந்தேன். உப்பு குறையவில்லை, குடிக்க ஆகாது. வீட்டாரிடம் சொல்லிவிட்டேன். முனியம்மா மேல் தவறு இல்லை. நான் சொன்னதை அப்படியே செய்திருக்கிறார். சொன்ன விதத்தில் தவறு என்னுடையது."