வெள்ளைக்கார அம்மாவிடம் மூன்று கேள்விகள்

டஸ்டர் மேசையில் இறங்கும் சத்தமும், உடனே முன்பெஞ்சில் இருப்பவர்களின் மூக்கில் ஏறும் சாக்பீஸ் தூளும், அதற்கு மேலாக "சைலன்ஸ்!" என்ற சாரின் அதட்டலும்தான் பள்ளிக்கூடத்தில் நான் கண்ட ஆங்கிலம். சுவரில்கூட அந்த ஒரு வார்த்தையைத்தான் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். சார் பாடத்தை வாசித்துத் தமிழில் அர்த்தம் சொல்வார், நாங்கள் கேள்வி பதிலை "நெட்டுரு" போடுவோம். ஆங்கிலத்தில் யாரும் வாய் திறந்ததில்லை, திறக்க விட்டதுமில்லை. அப்படிப்பட்டவர் எங்கோ பயிற்சிக்குப் போய்வந்த கையோடு, எங்கள் ஊர் மலையைச் சுற்றும் பாதையில் நடக்கும் வெள்ளைக்காரர்களிடம் ஆளுக்கு மூன்று கேள்வி கேட்டுப் பதிலோடு வரவேண்டும், வந்தால் மார்க் உண்டு என்று சொல்லிவிட்டார். "ஒலகமே நம்மூருக்கு வருது, உங்களுக்கு வாய் வரல!"

அந்த மார்க் எனக்கு வேண்டியிருந்தது. ஒன்பதாவதில் ஏற்கெனவே ஒருமுறை பெயிலானவள் நான். அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருந்த நைனா, "இந்த வருசமும் இங்கிலீசுல போச்சுன்னா கடையில வந்து குந்து, கிளாஸ் கழுவ ஆளில்ல" என்று சொல்லியிருந்தார், சொன்னால் செய்கிறவர். பெயர் என்ன, எந்த நாடு, எங்கள் ஊர் பிடித்திருக்கிறதா என்று மனப்பாடம் செய்துகொண்டேன். அவர்கள் திருப்பி ஏதாவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற கவலையில் சோறு இறங்கவில்லை.

வெள்ளைச் சேலையில் வெறுங்காலோடு தினமும் எங்கள் கடையைத் தாண்டிப்போகும் ஓர் அம்மாவை மறித்து, மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த அட்டையைத் தூக்கிக் காட்டினார். ஆங்கிலத்தில் அதே "சைலன்ஸ்". மௌன விரதமாம்! ஊரில் இத்தனை பேர் நடக்கிறார்கள், எனக்கென்று வாய்த்தது இவர்தானா? இதில் இன்னொரு கூத்து, அட்டையைப் படித்த மாத்திரத்தில், பழக்க தோஷம், வகுப்பில் நிற்பதுபோலவே நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டேன்.

மறுநாள் சார் கேட்டார். "என்னா சொன்னாங்க?"

"சைலன்ஸ்னு காட்டினாங்க, சார்."

வகுப்பே சிரித்தது. "நம்ம சாருக்கு அக்காவா இருப்பாங்கடி" என்று பின்பெஞ்சில் ஒருத்தி சொன்னது அவர் காதிலும் விழுந்தது.

"எங்கிட்டயே நக்கலா? வெளிய போய் நில்லு!" என்று என்மேல் பாய்ந்தார்.

அட்டையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். "சைலன்ஸ்!" என்றார்.

இன்னொருவரை மறிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. முழுப்பரீட்சையில் ஆங்கிலம் போயிற்று, நான் கடையில் வந்து குந்தினேன்.

இப்போது அந்த அம்மாவும் இல்லை, நைனாவும் இல்லை. பள்ளியின் ஓட்டுக் கட்டடம் போய் "ஆங்கில வழி" என்று போர்டு மாட்டிய மாடிக் கட்டடம் வந்துவிட்டது. வெள்ளைக்காரர்களே "அக்கா, சக்கர கம்மியா ஒரு டீ" என்கிறார்கள், நானும் கிளாஸை நீட்டி நீட்டியே அவர்கள் பாஷையில் நாலு வார்த்தை பேசப் பழகிவிட்டேன். என் மகள் அந்த மாடிக் கட்டடத்தில்தான் ஒன்பதாவது படிக்கிறாள். இரண்டு பக்கக் கட்டுரையை மூச்சுவிடாமல் ஆங்கிலத்தில் ஒப்பிப்பாள். போன வாரம் டீ குடிக்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் அவளிடம் ஆங்கிலத்தில் பெயரைக் கேட்டார். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.