பிளேக் காட்டுக்குக் கிளுவை வேலி

கோயமுத்தூருக்குக் கிழக்கே காரைப்பள்ளம் என்கிற ஊரில், வண்டிப்பேட்டைக்கு எதிரே வள்ளியாத்தாள் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்றுக்கொண்டிருந்தாள். வண்டிக்காரர்கள் விலை பேச வாயெடுப்பதற்குள் மாட்டின் விலாவைப் பார்த்து, "ஏனுங்க, இதுக்குத் தீனி போடறதையே மறந்துபோட்டீங்களா?" என்று கேட்டுவிடுகிறவள். ஒரு காரியம் அரைகுறையாகக் கிடந்தால் அவளால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம் முழுக்க அவளைச் சர்க்கார் கச்சேரி கச்சேரியாக அலைய வைத்தது அந்தக் குணம்தான்.

ஊருக்குத் தெற்கே, ஓடைக்கு அப்பால் இருந்தது பிளேக் காடு. அவள் கல்யாணமாகி வந்த புதிதில் ஊரில் பிளேக் கண்டது. சனங்கள் வீடுகளைப் பூட்டிவிட்டுத் தோட்டங்களில் குடிசை போட்டுக்கொண்டார்கள். செத்தவர்களைச் சர்க்கார் ஆட்கள் வண்டியில் ஏற்றிப்போய், அந்த மேட்டில் குழிவெட்டி, சுண்ணாம்பு கொட்டி மூடினார்கள். அவள் புருஷன் அங்கப்பனும் அப்படித்தான் போனான். ஓடையைத் தாண்டி ஒருவரையும் விடவில்லை. கரையில் நின்றவளுக்கு வண்டியின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது.

அதன்பிறகு பயத்தில் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. வேலமுள்ளும் கள்ளியும் மண்டிவிட்டன. முந்தின ஐப்பசி மழையில் ஓடை பெருகி மேட்டின் ஓரத்தை அரித்துப்போட்டது. ஆடு மேய்க்கிற ராசாத்தாள் கடைக்கு ஓடி வந்தாள். "அக்கா, எலும்பெல்லாம் வெளிய தெரியுதுக்கா. நாயி இழுத்துக்கிட்டுத் திரியுது."

வள்ளியாத்தாள் போய்ப் பார்த்தாள். இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு முடிவுக்கு வந்தாள். முள்ளை வெட்ட வேண்டும், அரித்த இடத்தில் மண் கொட்ட வேண்டும், சுற்றிலும் கிளுவைக் குச்சி நட்டு உயிர்வேலி போட வேண்டும். செலவு அவளுடையது. உத்தரவு மட்டும் யாராவது கொடுத்தால் போதும்.

பஞ்சாயத்து போர்டு தலைவர் கோபாலசாமி மரியாதையாகத்தான் பேசினார். "நல்ல காரியமுங்க அம்மணி. ஆனா அது எங்க எல்லைக்குள்ள வராதுங்க. தாலுகா கச்சேரிக்குப் போங்க."

தாலுகா கச்சேரிக்குப் போக அரைநாள் வண்டிப் பயணம். அங்கே குமாஸ்தா வெங்கடபதி மனுவை விரல்நுனியால் தள்ளிவைத்தார். "பிளேக் பொணம் பொதைச்ச எடம் சுகாதார ஆபீசுக்குச் சேர்ந்தது. எங்களுக்குச் சம்பந்தமில்லை."

சுகாதார ஆபீசில், நோய் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டதால் அந்த இடம் இனித் தங்கள் வசம் இல்லை என்றார்கள். யார் வசம் என்று கேட்டாள். பஞ்சாயத்து போர்டாக இருக்கும் என்றார்கள். திரும்ப வந்து கோபாலசாமியிடம் சொன்னாள். "அப்படியா சொன்னாங்க?" என்று அவர் ஆச்சரியப்பட்டார். ஆச்சரியப்பட்டதோடு சரி.

மறுபடி தாலுகா கச்சேரி. வருஷாந்தர ஜமாபந்திக் கணக்கு முடியட்டும் என்றார் வெங்கடபதி. ஜமாபந்தி முடிந்தது, அவர் லீவில் போனார். லீவு முடிந்து வந்தவர் புதிதாக ஒன்று கேட்டார்.

"உன் புருசன் அங்கதான் பொதைஞ்சிருக்கான்னு என்னம்மா ருசு?"

வள்ளியாத்தாள் மேசையை நெருங்கி நின்றாள். "அன்னைக்கு அந்தப் பொணவண்டிய மறிச்சு ரசீது கேட்டிருக்கோணுமுங்களா?"

"கச்சேரியில சத்தம் போடக்கூடாது."

"நான் இன்னும் சத்தமே போடலீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். புளியமரத்தடியில் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபடி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். துக்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம்.

அடுத்த மழைக்காலம் நெருங்கியது. இன்னொரு தரம் ஓடை பெருகினால் மேடே போய்விடும். கடைக்கு வருகிற வண்டிக்காரர்களில் நாலைந்து பேரைக் கூப்பிட்டாள். "உத்தரவு வரலீங்க. வாரதுக்குள்ள நான் செத்துப்போவேன். அருவா எடுத்துக்கிட்டு வாங்க."

விடிந்ததும் வெட்ட ஆரம்பித்தார்கள். உச்சிப்பொழுதுக்குள் பாதி மேடு வெளுத்துவிட்டது. அப்போது கிராம மணியக்காரர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். "நிறுத்துங்க! சர்க்கார் புறம்போக்குல மரம் வெட்டறது குத்தமுங்க!"

வள்ளியாத்தாள் அரிவாளைக் கீழே வைத்தாள். "இன்னொருக்காச் சொல்லுங்க. யாரு எடமுங்க?"

"சர்க்கார் எடமுங்க."

"உங்களத்தானுங்க இத்தனை நாளாத் தேடுனேன்" என்றாள்.

தாலுகா கச்சேரிக்கு அவளை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தாசில்தார் வரதராஜுலு ஊருக்குப் புதியவர். "அது யாருடைய எடம்னு உனக்குத் தெரியாதா?" என்று அதட்டினார்.

"அதத் தெரிஞ்சுக்கத்தானுங்க ஒரு வருசமா அலையறேன். போர்டுல எங்களுது இல்லைன்னாங்க. சுகாதார ஆபீசுல இல்லைன்னாங்க. இந்தக் கச்சேரியில, இந்த ஐயாதானுங்க, சம்பந்தமே இல்லைன்னாரு. முள்ளு வெட்டுன பொறகுதான் சர்க்காருதுன்னு வந்து சொல்றாங்க. உங்களுதுன்னா நீங்களே உத்தரவு குடுங்க சாமி. இல்ல, என்னைய உள்ள போடுங்க. ரெண்டுல ஒண்ணு இன்னைக்கே செஞ்சுபோடுங்க. கடையில ஆளில்லை."

தாசில்தார் பக்கத்தில் நின்ற வெங்கடபதியைப் பார்த்தார். வெங்கடபதி மேசைமேல் இருந்த காகிதக் கட்டை அவிழ்ப்பதில் மும்முரமானார். மண் கொட்டவும் வேலி போடவும் அன்றே உத்தரவு ஆயிற்று.

ஆனால் வெட்டிய முள் சர்க்கார் சொத்து, அதை ஏலம் போடுகிறவரை ஒரு குச்சியைக்கூட நகர்த்தக்கூடாது என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துவிட்டார்கள். மேட்டின்மேல் முள் மலையாகக் கிடந்தது. அதை அகற்றாமல் மண் கொட்ட வழியில்லை. ஏலத்துக்கு வந்த ஒரே ஆள் வள்ளியாத்தாள். தான் வெட்டிய முள்ளைத் தானே ஏலத்தில் எடுத்து, நட்ட கிளுவை தழைக்கிறவரை காவலாக இருக்கட்டும் என்று அதையே சுற்றிலும் அடுக்கினாள்.

எலும்புகளைப் பொறுக்கி ஒரே குழியில் வைத்து மூடினார்கள். அங்கப்பன் எந்த இடத்தில் கிடக்கிறான் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. நடுமேட்டில் ஒரு விளக்கை ஏற்றிவைத்து, "இங்கயே எங்காச்சும் இருப்பீங்க" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

அதற்கடுத்த வாரம் ஊரிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். எல்லோருக்கும் அங்கே புதைந்த ஒரு தாயோ தம்பியோ உண்டு. எந்தக் கச்சேரிக்கும் அவளோடு வராதவர்கள். சுற்றிப் பார்த்துவிட்டு, அவர்களில் ஒருத்தியான செல்லாத்தாள் மூக்கில் விரலை வைத்தாள். "என்னக்கா, வேலிக்கு வாசல மேக்கால வெச்சுப்போட்ட? கெழக்கால அல்லோ வெச்சிருக்கோணும்."

வள்ளியாத்தாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கடப்பாரையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "கெழக்கால நல்ல கெட்டி மண்ணு அம்மணி. பொழுதிருக்கையிலயே ஆரம்பிச்சுக்க."

கடைக்கு முன்னால் மூன்று வண்டிகள் காத்து நின்றன. அவள் வேகமாக நடந்தாள்.